ஆப்பில் 720 யூனிட், பில் மட்டும் ஏன் ஆயிரம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். திருநெல்வேலி பக்கம் சொந்த வீடு. ஜனவரியில் 3 கிலோவாட் சோலார் போட்டு, அதே மாதம் நெட் மீட்டரும் (கரண்ட் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தனித்தனியாக எண்ணும் மீட்டர்) மாட்டியாகிவிட்டது. அதற்கு முன் வந்த நவம்பர்–டிசம்பர் பில் 800 யூனிட், நாலாயிரத்து எழுநூறு ரூபாய் பக்கம். இப்போது மார்ச்–ஏப்ரலுக்கு ஆப் காட்டும் உற்பத்தி 720 யூனிட். எண்ணூறில் எழுநூற்று இருபது போனால் எண்பது, நூறு யூனிட் வரை இலவசம், அப்படியானால் பில் பூஜ்யம்தானே வரவேண்டும்? வந்தது ஆயிரத்துச் சொச்சம். பக்கத்து வீட்டுக்காரருக்கு அதே 3 கிலோவாட்டில் பூஜ்யம் வருகிறது. ஆப் பொய் சொல்கிறதா, மீட்டர் பொய் சொல்கிறதா, இல்லை இன்னும் ஒரு கிலோவாட் சேர்த்துப் போட்டால் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே பொய் சொல்லவில்லை என்பது என் முதல் ஊகம். உங்கள் வீடு இப்போது எத்தனை யூனிட் சாப்பிடுகிறது என்பதை இதுவரை யாரும் உங்களுக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

நான் மதுரையில் பதினொரு வருடமாக சோலார் சர்வீஸ் வேலையில் இருக்கிறேன். விற்பனைப் பக்கம் இல்லை, பழுது பார்க்கும் பக்கம். ‘ஆப்பில் நிறையக் காட்டுகிறது, பில் குறையவில்லை’ என்பதுதான் வருகிற போன்களில் பாதி. உங்கள் வீட்டு மொட்டை மாடியை நான் பார்த்ததில்லை, அதனால் சிலவற்றை அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பில்லில் இருக்கும் இரண்டு எண்களை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: இம்போர்ட் 610, எக்ஸ்போர்ட் 240. அது போதும், முக்கால்வாசிப் பதில் அதிலேயே இருக்கிறது.

முதலில் ஆப் எதைக் காட்டுகிறது என்று பார்ப்போம். சாதாரணமாக நம் ஊர்களில் மாட்டிக் கொடுக்கும் சோலார் இன்வெர்ட்டரோடு (பேனல் தரும் டிசி கரண்ட்டை வீட்டு ஏசி கரண்ட்டாக மாற்றும் பெட்டி) வரும் ஆப், இன்வெர்ட்டருக்குள் எவ்வளவு மின்சாரம் உற்பத்தியாகி வெளியே போனது என்பதை மட்டும்தான் காட்டும். அதில் எவ்வளவு உங்கள் ஃபேனுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் போனது, எவ்வளவு தெருக் கம்பிக்குப் போனது என்பது அதற்குத் தெரியாது. தெரியவேண்டும் என்றால் மெயின் ஒயரில் ஒரு சிடி கிளாம்ப், அதாவது ஒயரில் ஓடும் கரண்ட்டை அளக்கும் வளையம், மாட்டி இன்வெர்ட்டரோடு இணைக்க வேண்டும், பெரும்பாலான வீடுகளில் அது கிடையாது. நெட் மீட்டருக்கோ இன்வெர்ட்டர் என்ன செய்தது என்பதே தெரியாது. வெளியிலிருந்து உள்ளே வந்ததை இம்போர்ட் என்றும், உள்ளிருந்து வெளியே போனதை எக்ஸ்போர்ட் என்றும் தனித்தனியாக எண்ணி வைக்கும். வீட்டு உபயோகம் என்ற எண் இந்த இரண்டிலுமே இல்லை. அதை நாம்தான் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும்: உற்பத்தியோடு இம்போர்ட்டைக் கூட்டி எக்ஸ்போர்ட்டைக் கழிப்பது.

உங்கள் எண்களைப் போடுகிறேன். 720 கூட்டல் 610 கழித்தல் 240. விடை 1,090.

நீங்கள் 800 என்று நினைத்துக்கொண்டிருக்கும் வீடு, மார்ச்–ஏப்ரலில் 1,090 யூனிட் ஓடியிருக்கிறது. நாளுக்குப் பதின்மூன்று சொச்சமாக இருந்தது பதினெட்டாகிவிட்டது. ஏறக்குறைய ஐந்து யூனிட் கூடுதல். ஒரு ஏசி பகலில் ஐந்தாறு மணி நேரம் ஓடினால் இந்த அளவு வரும். அப்பா அம்மா பகலில் வீட்டில் இருக்கிறார்கள், இரண்டு ஏசி இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதோடு நீங்கள் ஒப்பிட்டது ஐப்பசி கார்த்திகை மழைக்கால பில்லை, பங்குனி வெயில் பில்லோடு. சோலார் இல்லாவிட்டாலும் இந்த இரண்டும் ஒன்றாக இருந்திருக்காது. போன வருடம் மார்ச்–ஏப்ரல் பில்லை எடுத்துப் பாருங்கள், அதுதான் சரியான ஒப்பீடு. அதிலும் ஆயிரத்தை ஒட்டி இருந்தால் வெயில்தான் காரணம், எண்ணூறில் இருந்தால் ‘சோலார்தான் இருக்கே, போடு ஏசியை’ என்ற மனசு காரணம். இரண்டாவதைத் தப்பென்று சொல்லவில்லை. வயதானவர்கள் பங்குனி வெயிலில் ஏசியில் இருக்கட்டும், அதற்குத்தானே போட்டது. ஆனால் அதைப் பேனல் தலையில் கட்டக்கூடாது.

இப்போது பணக் கணக்கு. தமிழ்நாட்டில் வீட்டுக் கட்டணம் படிக்கட்டு மாதிரி ஏறுவது என்பது எல்லோருக்கும் தெரியும், சோலார் கணக்குப் போடும்போது மட்டும் எல்லோருக்கும் மறந்துபோகும். கணக்கு எளிதாக இருக்க 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தையே வைத்துக்கொள்கிறேன், 2024 ஜூலையில் எல்லாப் படியும் ஏறக்குறைய ஐந்து சதவீதம் ஏறியது, படிகளின் அமைப்பு மாறவில்லை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் அடுத்த நூறு யூனிட் 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய். ஐந்நூறைத் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகையே போய்விடும், 101-இலிருந்தே 4.50. பிறகு 600 வரை 8 ரூபாய், 800 வரை 9, ஆயிரம் வரை 10, அதற்கு மேல் 11. ஆகவே 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! கரண்ட் பில்லில் இதைவிட விலை உயர்ந்த யூனிட் எங்கும் கிடையாது.

சோலார் இல்லாமல் 1,090 யூனிட் ஓடியிருந்தால் இந்தக் கணக்கில் 7,540 ரூபாய். இப்போது உங்கள் நிகர யூனிட் 610 கழித்தல் 240, அதாவது 370. அதற்கு 990 ரூபாய். இந்த இரண்டு மாதத்தில் பேனல் மிச்சப்படுத்திக் கொடுத்தது 6,550 ரூபாய். இன்றைய கட்டணத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வரும். நாலாயிரத்து எழுநூறு ஆயிரமாகக் குறைந்தது, மூவாயிரத்து எழுநூறுதான் லாபம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

இதே கணக்குதான் நாலாவது கிலோவாட்டுக்கும் பதில் சொல்கிறது. பேனல் எப்போதும் மேல் படியிலிருந்து வெட்டிக்கொண்டு வரும். பதினோரு ரூபாய் யூனிட், பத்து ரூபாய் யூனிட், ஒன்பது, எட்டு, இவற்றையெல்லாம் உங்கள் 3 கிலோவாட் ஏற்கெனவே வெட்டித் தள்ளிவிட்டது. மிச்சம் இருப்பது நாலரை ரூபாயும் இரண்டேகால் ரூபாயும். இன்னொரு கிலோவாட் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 240 யூனிட் தரும், 370 என்பது 130 ஆகும், பில்லில் குறைவது 922 ரூபாய், வருடத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறு. வீட்டு சோலாருக்கு மத்திய அரசு தரும் பிஎம் சூர்ய கர் திட்டத்தின் மானியம் 3 கிலோவாட்டோடு 78,000-இல் நின்றுவிடுகிறது, நாலாவதற்குக் கிடையாது, கைக்காசுதான். ஒரு கிலோவாட்டுக்கு அறுபதாயிரம் என்று வைத்தாலும் பதினோரு வருடம். அதிலும் மழைக்காலத்தில் உங்கள் உபயோகம் குறைந்து யூனிட் மிஞ்சினால், அடுத்த பில்லுக்குக் கொண்டுபோவார்கள், வருடக் கணக்கு முடிக்கும்போது அதற்குக் கிடைக்கும் விலை சொற்பம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் போடமாட்டேன். இதைச் சொல்வதால் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் என்மேல் கோபப்படுவார்கள், பரவாயில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் பூஜ்யம் வாங்குவது அவருடைய உபயோகம் எண்ணூறுக்குள் இருப்பதால். பேனலில் வித்தியாசம் இருக்க வாய்ப்புக் குறைவு. அவரிடம் போய் அவருடைய இம்போர்ட், எக்ஸ்போர்ட் எண்ணைக் கேளுங்கள், ஒரு காபியில் முடிந்துவிடும்.

சரி, இவ்வளவும் ஆப்பின் 720 உண்மை என்று வைத்துக்கொண்டு சொன்னது. அதைச் சோதிக்க வேண்டும். மேகம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஃப்ரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் அணைத்துவிடுங்கள், வீட்டில் இருப்பவர்களை முன்கூட்டியே சமாதானம் செய்து வையுங்கள். நெட் மீட்டரில் எக்ஸ்போர்ட் ரீடிங்கைப் போனில் படம் எடுங்கள். சில மீட்டரில் எழுத்தாகவே வரும், சிலவற்றில் எண்தான் வரும்: 1.8.0 என்றால் இம்போர்ட், 2.8.0 என்றால் எக்ஸ்போர்ட். பன்னிரண்டு மணிக்கு மறுபடி ஒரு படம். அந்த ஒரு மணி நேரத்தில் ஆப் 2.2 யூனிட் உற்பத்தி காட்டினால் எக்ஸ்போர்ட் 2.1 அல்லது அதை ஒட்டி ஏறியிருக்க வேண்டும். ஏறியிருந்தால் ஆப்பும் சரி, மீட்டரும் சரி. ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருந்தால் கவலைப்பட வேண்டாம், ஆப் அளப்பது பில் போடுவதற்கான துல்லியத்தில் இல்லை. உங்கள் 720-இல் ஐந்து சதவீதம் என்றால் 36 யூனிட்தான், அதை வைத்து 800-க்கும் 1,090-க்கும் இடையே இருக்கும் 290 யூனிட் வித்தியாசத்தை விளக்க முடியாது. எக்ஸ்போர்ட் ஏறவே இல்லை, அல்லது இம்போர்ட் ஏறுகிறது என்றால் மட்டும் உடனே ஈ.பி. அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

இம்போர்ட் ஏறுவது நடக்குமா என்றால் நடக்கும், நான் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் பேனல் போட்ட அன்றே இன்வெர்ட்டரை ஓடவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள், நெட் மீட்டர் வர ஏழு வாரம் ஆனது. நம் வீடுகளில் இருக்கும் பழைய மின்னணு மீட்டர்கள் பலவற்றுக்குத் திசை தெரியாது. திருட்டைத் தடுப்பதற்காக, எந்தப் பக்கம் ஓடினாலும் உபயோகம் என்றே எண்ணும்படி அமைத்திருப்பார்கள். வெளியே போன ஒவ்வொரு யூனிட்டும் அந்த வீட்டுக்காரர் பில்லில் செலவாக ஏறியது. வெயில் அடிக்க அடிக்க பில் ஏறும் விசித்திரம். அவர் மீட்டர் முன்னால் நின்றுகொண்டு ‘சார், மேகம் வந்தா மெதுவா ஓடுது’ என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. உங்களுக்கு ஜனவரியிலேயே மீட்டர் மாறிவிட்டது என்பதால் மார்ச்–ஏப்ரலை இது தொடாது. ஆனால் ஜனவரி–பிப்ரவரி பில் சந்தேகமாக இருந்தால், இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கிய தேதியையும் மீட்டர் மாறிய தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது உற்பத்தி போதுமானதா என்பது. நம் ஊரில் ஒரு கிலோவாட்டுக்கு வருட சராசரி நாளுக்கு நாலு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். 3 கிலோவாட்டுக்குப் பன்னிரண்டு. நீங்கள் சரியாகப் பன்னிரண்டில் இருக்கிறீர்கள், ஆனால் மார்ச்–ஏப்ரல் நல்ல மாதம், நாலரை வரை எதிர்பார்க்கலாம். ஆக நாளுக்கு ஒரு யூனிட் எங்கோ நழுவுகிறது என்று சந்தேகப்படுகிறேன். இது சந்தேகம்தான், உறுதி இல்லை. மதியம் பன்னிரண்டுக்குக்கூட 3 கிலோவாட் பேனல் 2.3, 2.4-க்கு மேல் போகவில்லையே என்று பயப்படவேண்டாம். பேனலின் வாட் கணக்கு 25 டிகிரி சூட்டில் போட்டது. நம் மொட்டை மாடியில் பேனல் அறுபது டிகிரி தொடும், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் அளவுக்கு இறங்கும், அதிலேயே பன்னிரண்டு சதவீதம் போய்விடும். வெயில் கொளுத்துகிற மே மாதத்தைவிட காற்றோடு வெயில் அடிக்கிற பிப்ரவரி, மார்ச்சில் நல்ல உற்பத்தி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நழுவுவதைக் கண்டுபிடிக்க, ஆப்பில் தினசரி மொத்தத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அன்றைய வளைகோட்டைப் பாருங்கள். மேகம் இல்லாத நாளில் அது கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி வழவழப்பாக இருக்கும். மேக நாளில் ரம்பப் பல் மாதிரி இருக்கும், அதைப் பார்த்துப் பயனில்லை. தெளிவான நாளிலும் தினமும் ஒரே நேரத்தில் ஒரு பள்ளம் விழுந்தால் அது நிழல். பேனல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் கட்டப்பட்டிருப்பதால் ஒன்றின் மூலையில் விழும் நிழலும் அந்த ஒன்றோடு நிற்கும் என்று சொல்லமுடியாது. மதுரையில் ஒரு வீட்டில் வாரத்தில் இரண்டே நாள், புதனும் சனியும், காலை ஒன்பதரைக்கு விழும் பள்ளம் ஒரு மணிக்கு மேல் தானாகச் சரியாகும். இன்வெர்ட்டரை மாற்றிக் கொடுங்கள் என்று சண்டை. நான் ஒரு புதன்கிழமை போய் மாடி ஏறினால், படிக்கட்டு அறைச் சுவரிலிருந்து பேனல் ஸ்டாண்டின் காலுக்கு ஒரு கொடி கட்டி, அதில் இரண்டு ஜமுக்காளமும் ஒரு போர்வையும் ஈரம் சொட்டிக்கொண்டு தொங்குகின்றன. துணி துவைக்கும் நாள். கொடியை நாலடி தள்ளிக் கட்டினோம், இன்வெர்ட்டர் பிழைத்தது.

நிழல் வருடம் முழுக்க ஒரே இடத்தில் விழாது என்பதும் உங்கள் ஊருக்கு முக்கியம். திருநெல்வேலியில் சித்திரை பிறக்கும் சமயம் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும், அதன்பிறகு ஆகஸ்ட் கடைசி வரை மதியச் சூரியன் வடக்குப் பக்கம். ஜனவரியில் இன்ஸ்டால் செய்தவர் தெற்கே இருக்கும் தென்னை மரத்தை மட்டும் பார்த்திருப்பார், வடக்கே இருக்கும் படிக்கட்டு அறையையோ தண்ணீர்த் தொட்டியையோ கண்டுகொண்டிருக்க மாட்டார். ஆனி மாதம் காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் ஒருமுறை மாடிக்குப் போய்ப் பாருங்கள்.

வளைகோடு வெட்டினாற்போல் பூஜ்யத்துக்கு விழுந்து சில நிமிடம் கழித்து எழுந்தால் அது நிழல் இல்லை, இன்வெர்ட்டர் கழன்றுகொண்டிருக்கிறது. கரண்ட் போனாலும் இப்படித்தான், தெருவில் கரண்ட் இல்லையென்றால் வெயில் எவ்வளவு அடித்தாலும் இந்த இன்வெர்ட்டர் ஓடாது, கம்பியில் வேலை செய்பவரின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். கரண்ட் போகாமலே விழுகிறது என்றால் பெரும்பாலும் வோல்டேஜ். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளியிருக்கும் வீடுகளில், தெருவில் நாலைந்து பேர் சோலார் போட்டிருந்தால், மத்தியானம் எல்லோரும் சேர்ந்து கம்பிக்குள் தள்ளும்போது வோல்டேஜ் 260 பக்கம் ஏறி இன்வெர்ட்டர் ‘போதும்’ என்று விலகிவிடும். ஆப்பின் அலாரம் பகுதியில் கிரிட் ஓவர் வோல்டேஜ் என்று பதிவாகியிருக்கும், யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. அந்த ஸ்க்ரீன்ஷாட்டோடு ஈ.பி.யில் மனு கொடுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் டேப்பை, அதாவது அது வெளியே விடும் வோல்டேஜ் அளவை, இறக்கச் சொல்லிக் கேட்கலாம். அது நடக்கும்வரை, பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் மோட்டார், வாஷிங் மெஷின், இஸ்திரி என்று பெரிய சுமைகளைப் போடுங்கள், வோல்டேஜ் சற்று இறங்கும்.

இதை மட்டும் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். எல்லா வேலையையும் பகலில் முடித்தால் பில் குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இன்வெர்ட்டர் கழன்றுகொள்ளும் வீட்டுக்கு அது உண்மை. மற்றபடி நெட் மீட்டரில் பகலில் கொடுத்த ஒரு யூனிட் ராத்திரி எடுத்த ஒரு யூனிட்டுக்கு நேர். மாவு அரைப்பதைப் பன்னிரண்டு மணிக்கு மாற்றுவதால் நிகர யூனிட்டில் எதுவும் மாறாது, ஆகவே அதற்காக அம்மாவைப் பாடாய்ப் படுத்த வேண்டாம். பேட்டரி வாங்கிச் சேமித்தால் பில் குறையும் என்பதும் இதே ரகம்தான், கரண்ட் போகும்போது உதவும், பில்லுக்கு உதவாது. மத்திய அரசு 2023-இல் கொண்டுவந்த விதியில் பகல் சூரிய நேரத்துக்குக் குறைந்த விலை, மாலை உச்ச நேரத்துக்குக் கூடுதல் விலை என்று இருக்கிறது. ஸ்மார்ட் மீட்டரோடு அது உங்கள் வீட்டுக் கட்டணத்துக்கு வந்தால் அன்றைக்கு இந்தப் பத்தியை அழித்துவிட்டு வேறு எழுதுவேன்.

அப்புறம் தூசி. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும், காலை ஏழு மணிக்கு முன் அல்லது மாலையில். மத்தியானம் கொதிக்கிற கண்ணாடியில் தண்ணீர் ஊற்றக் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்தபின் வெள்ளையாகப் படியும், நல்ல தண்ணீரில் கடைசியாக ஒரு அலசு. பலன் இருக்கிறதா என்று அறிய கழுவுவதற்கு முந்தைய தெளிவான நாளையும் பிந்தைய தெளிவான நாளையும் ஆப்பில் ஒப்பிட்டாலே போதும். பேனலுக்குக் கீழே தொங்கும் ஒயரையும் கனெக்டரையும் தொடாதீர்கள், ஆறு பேனல் தொடரில் 300 வோல்ட் டிசி நிற்கும், வெயில் இருக்கும்வரை அதற்கு ஸ்விட்ச் ஆஃப் என்பதே கிடையாது.

பில்லைக் குறைக்க மிச்சமிருக்கும் வழி உபயோகத்தில்தான், அதில் நான் முதலில் பார்ப்பது யாரும் தொடாமலே ஓடும் கரண்ட்டை. என் வீட்டிலேயே செய்த சோதனை இது. மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சடித்திருக்கும், எங்கள் மீட்டரில் 3200. ராத்திரி பதினொரு மணிக்கு ஃபேன், லைட், ஏசி எல்லாம் அணைத்து, ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, மீட்டர் பெட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணினேன். கொசுக்கடி தனிக் கணக்கு. பத்து நிமிடத்தில் 48 மினுக்கு. மணிக்கு 288, அதை 3200-ஆல் வகுத்தால் 0.09 யூனிட், அதாவது எல்லாம் ‘ஆஃப்’ ஆகியிருக்கும் வீட்டில் 90 வாட் ஓடுகிறது. நாளுக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல், இரண்டு மாதத்தில் 130. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில் செட்டாப் பாக்ஸ், வைஃபை, வாட்டர் ஃபில்டர் எல்லாம் சேர்ந்து கொஞ்சம்தான், பாதிக்கு மேல் சாப்பிட்டது பேட்டரி வைத்த பழைய யுபிஎஸ். பேட்டரி ஐந்து வருடம் தாண்டி, சார்ஜ் நிற்காமல், நாள் முழுக்கச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. பேட்டரி மாற்றியபின் பத்து நிமிடத்துக்கு 20 மினுக்கு. உங்கள் வீட்டிலும் பழைய யுபிஎஸ் இருந்தால் முதலில் அதைத்தான் சந்தேகப்படுவேன். சோதனையை ராத்திரியில்தான் செய்ய வேண்டும், பகலில் எக்ஸ்போர்ட்டுக்கும் அதே விளக்கு மினுக்கும்.

ஃபேனில், அதிக நேரம் சுற்றுவதை மட்டும் மாற்றுங்கள். பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக எடுக்கும் புதுவகை மோட்டார் வைத்தது) 30 வாட். பதினைந்து மணி நேரம் சுற்றும் படுக்கையறை ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம், நாலரை ரூபாய் வீதம் 180 ரூபாய், மூன்று வருடத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும். விருந்தினர் வந்தால் மட்டும் சுற்றும் ஹால் ஃபேனை அப்படியே விடுங்கள். ஏசியில் இன்வெர்ட்டர் மாடல் இல்லாத பழைய ஒன்றரை டன் மணிக்கு ஒன்றரை யூனிட் வரை எடுக்கும், நட்சத்திரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், அளவுகோலை அவ்வப்போது இறுக்குவதால் பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைய மூன்றுக்குச் சமமாக இருக்கலாம். 26-இல் வைத்து ஃபேனைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் நல்லது, அம்மா அப்பா ஒத்துக்கொள்வார்களா என்பது உங்கள் பாடு. எந்த ஏசி எவ்வளவு தின்கிறது என்று தெரியவேண்டும் என்றால் பதினாறு ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் ஒன்று வாங்கி ஒரு வாரம் அதில், ஒரு வாரம் இதில் என்று மாட்டிப் பாருங்கள்.

கண்காணிக்க ஆப்பைத் தினமும் திறக்கத் தேவையில்லை. ரீடிங் எடுக்க வருகிற அன்று மூன்று எண்: ஆப்பில் மொத்த உற்பத்தி, மீட்டரில் இம்போர்ட், எக்ஸ்போர்ட். அடுப்படிக் காலண்டரில் அந்தத் தேதியிலேயே எழுதுங்கள், போன் மாறும், காலண்டர் ஆணியில் தொங்கும். நடுவில் ஒருமுறை, முப்பதாவது நாள், அதே மூன்றையும் எடுத்து நிகரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 240, 250-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தால் ஐந்நூறு கோட்டைத் தொடும் ஆபத்து இருக்கிறது, மிச்சம் முப்பது நாள் கையில் இருக்கிறது. உங்களுக்கு இது வெயில் காலத்தில் வராது. குற்றாலத்தில் சாரல் தொடங்கி மேற்கே மேகம் கட்டிக்கொண்டு வரும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையும், அப்புறம் ஐப்பசி மழையிலும் உற்பத்தி இறங்கும், நாளுக்கு ஒன்பது, பத்து என்று காட்டினால் பேனல் கெட்டுவிட்டது என்று போன் போடாதீர்கள்.

இப்போதைக்கு எனக்கு மூன்று விஷயம் வேண்டும்: போன வருட மார்ச்–ஏப்ரல் பில், தெளிவான ஒரு நாளின் ஆப் வளைகோடு ஸ்க்ரீன்ஷாட், ராத்திரி மினுக்கு எண்ணிக்கை. போட்டுவிடுங்கள், அந்த ஒரு யூனிட் எங்கே நழுவுகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.